லயன்ஹெட் முனையில் எஞ்சியவை



அழிந்துபோன வீடுகளைப் பற்றிப் பேச வருபவர்கள் தூணையும் வளைவையும் சுட்டிக்காட்டிப் பேசுவது வழக்கம். இன்றைய பொருளுக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில், செல்கர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் பிரீஸ்ட் ஏரி கிடக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். அதன் வடபகுதியில், மலை இறங்கி வந்து நீரைத் தொடும் ஓரிடத்தில், 1922 முதல் 1925 வரை நெல் ஷிப்மன் என்னும் பெண்மணி வாழ்ந்தார். வீடு, படப்பிடிப்பு நிலையம், விலங்குக் காப்பகம் மூன்றும் ஒன்றாய் அமைந்த அந்த வளாகத்தின் பெயர் லயன்ஹெட் லாட்ஜ். சிங்கத்தலை விடுதி என்று சொல்லிக்கொள்ளலாம். கல்லால் கட்டியதன்று, மரங்களை வெட்டி அடுக்கி எழுப்பியது. கல்வீடு அழிந்தாலும் சுவராவது நிற்கும். மரவீட்டைக் காடு திரும்ப வாங்கிக்கொள்கிறது.

நெல் ஷிப்மன் 1892-இல் கனடாவின் விக்டோரியா நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே நாடக மேடைக்குப் போனவர். எழுதினார், நடித்தார், இயக்கினார், தயாரித்தார். சாமுவேல் கோல்ட்வின் ஏழாண்டு ஒப்பந்தம் ஒன்றை நீட்டியபோது வேண்டாமென்று மறுத்தார். திரையுலகம் நட்சத்திரங்களை வார்த்தெடுக்கத் தொடங்கியிருந்த காலத்தில் இப்படி மறுத்தவரைப் பித்துக்கொள்ளி என்று சொல்லாமல் என்ன சொல்வார்கள்? ஆனால் 1919-இல் வெளிவந்த 'பேக் டு காட்ஸ் கன்ட்ரி' பணம் போட்டவர்களுக்குப் போட்டதைப்போல் பல மடங்கு திருப்பித் தந்தது. மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் ஆலிவர் கர்வுட் வீரத்தை ஒரு நாய்க்கு அளித்திருந்தார். ஷிப்மன் அதைக் கதைத்தலைவிக்கு மாற்றினார். காயமுற்ற கணவனைச் சறுக்குவண்டியில் கிடத்திப் பனிவெளியைக் கடந்து காப்பாற்றுபவள் மனைவி. நாய் அவளுக்குத் துணை. இந்தக் காட்சியை நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அப்படத்தின் பனிக்காட்சிகள் ஆல்பர்ட்டாவின் லெஸ்ஸர் ஸ்லேவ் ஏரிப் பகுதியில் எடுக்கப்பட்டன. கடுங்குளிர். கதாநாயகனாக வந்த நடிகர் ரொனால்ட் பைரம் நிமோனியாவில் இறந்தார். தயாரிப்பைக் கவனித்து வந்த பெர்ட் வான் டைல், பின்னாளில் ஷிப்மனின் வாழ்க்கைத் துணையானவர், பாதத்தில் பனிக்கடி பட்டார். அந்தப் புண் ஆறவே இல்லை.

ஷிப்மனின் கலைக்கொள்கை என்று எதையேனும் சொல்ல வேண்டுமென்றால் அது விலங்குகளைப் பற்றியதுதான். அக்காலப் படங்களில் விலங்குகளைச் சாட்டையாலும் கம்பியாலும் அடக்கி நடிக்க வைத்தார்கள். ஷிப்மனின் படங்களில் சாட்டை கிடையாது. ப்ரௌனி என்ற கரடியின் அருகே அவர் அச்சமின்றி நின்றார். அந்த அச்சமின்மையையே கேமரா பதிவு செய்தது. விலங்கை நடிக்கச் சொல்லாமல், அது இருக்கும்படியே இருக்க விட்டுக் கதையை அதன் பக்கம் நகர்த்துவது அவர் முறை. கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொல்லை அடித்துப் பணிய வைப்பவரும் உண்டு, அது வரும்வரை காத்திருப்பவரும் உண்டு.

இந்த முறைக்கு ஹாலிவுட்டில் இடமில்லை என்று எண்ணியே ஐடஹோவுக்குப் பெயர்ந்தார். கரடிகள், ஓநாய்கள், காட்டுப்பூனைகள், மான்கள், நாய்கள் என ஏறத்தாழ 70 விலங்குகளைத் தட்டைப்படகில் ஏற்றி ஏரியின் மறுகோடிக்குக் கொண்டுபோனார். கடையும் அஞ்சலும் தென்முனையிலிருந்த கூலின் என்னும் சிற்றூரில். ரயிலோ அதற்கும் அப்பால். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மீது நடை அல்லது நாய்வண்டி. 'த கிரப்ஸ்டேக்' (1923) படத்தின் ஒரு பகுதி இந்த நிலத்தில் உருவானது. அதன் விநியோக நிறுவனம் திவாலாகவே பணம் வந்துசேரவில்லை. அதன்பின் 'பெரிய இடங்களின் சிறு நாடகங்கள்' என்று பொருள்படும் பொதுத்தலைப்பில் குறும்படங்கள் எடுத்தார். 'டிரெயில் ஆஃப் த நார்த் விண்ட்', 'த லைட் ஆன் லுக்அவுட்' ஆகியவை அவற்றுள் சில. அந்தத் தலைப்பே ஒரு கவிதைத் தொகுப்புக்குப் பொருந்தும்.

1923-24 குளிர்காலத்தில் வான் டைலின் பாதம் அழுகத் தொடங்கியது. வலியும் காய்ச்சலும் அவரது நிதானத்தைக் குலைத்தன. ஒரு நாள் நாய்வண்டியைப் பூட்டிக்கொண்டு பனிவெளிக்குள் போய்விட்டார். ஷிப்மன் கால்நடையாகவே உறைந்த ஏரியின்மீது பின்தொடர்ந்தார். அவ்வட்டாரத்து ஆட்கள் கண்டு உதவியிராவிட்டால் இருவரும் பிழைத்திருப்பது அரிது. 1919-இல் அவர் நடித்துக் காட்டிய காட்சி இது. அதே பனி, காயமுற்ற அதே ஆண், அவனைக் காக்கப் போகும் அதே பெண்; காயமும் அந்தப் படப்பிடிப்பில் பட்டதேதான். படத்தில் அவள் வென்றாள். ஏரியின்மீது வெற்றி என்று சொல்ல எதுவுமில்லை. உயிர் மிஞ்சியது, அவ்வளவே.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே ஷிப்மனைத் தியாகியாக்கிவிடுவார்கள். பெரு நிறுவனங்கள் சிறு தயாரிப்பாளர்களை நசுக்கின என்பது மெய். திரையரங்குகளும் விநியோகமும் அவர்கள் கையில் இருந்தன. தனித்து நின்ற பெண் இயக்குநருக்குக் கடன் தர ஆளில்லை. ஆனால் லயன்ஹெட்டில் பட்டினி கிடந்தவர் அவர் மட்டுமல்லர். தீனி வாங்கக் காசில்லாதபோது கூண்டிலும் தொழுவத்திலும் இருந்த உயிர்கள் வாடின. ஒப்பந்தத்தை மறுக்கும் சுதந்திரம் ஷிப்மனுக்கு இருந்தது. ஓநாய்க்கு அது இல்லை. ஓநாயை யாரும் கேட்கவுமில்லை. சாட்டையை விலக்கிய அதே கை, அவ்விலங்குகளைத் தம்மையன்றி வேறு கதியில்லாத ஓரிடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்பு பொய்யில்லை, பசியும் பொய்யில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும் வரலாறு இவ்விடத்துக்குப் பொருந்தாது.

1925-இல் எல்லாம் முடிந்தது. எஞ்சிய விலங்குகள் கலிபோர்னியாவின் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டன. வான் டைலுடனான வாழ்வும் முறிந்தது. ஷிப்மன் அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதிக்கொண்டே இருந்தார். 1935-இல் வெளிவந்த 'விங்ஸ் இன் த டார்க்' படத்தின் கதையில் அவர் பங்கு உண்டு. தாமே படமெடுத்து ஆளும் நிலை மட்டும் திரும்பவில்லை. 1970-இல் கலிபோர்னியாவின் கபஸோன் ஊரில் வறுமையில் இறந்தார். அவரது தன்வரலாறு 1987-இல்தான் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நூலானது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் டாம் டிரஸ்கி, சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். திரைப்படத் துறைக்காரர் அல்லர் அவர். ஆங்கில இலக்கியத் துறை. கைவிடப்பட்ட படைப்புகளைத் தேடிப் போகிறவர்கள் பல சமயங்களில் இலக்கியத்தின் பக்கமிருந்தே வருகிறார்கள் என்பதை இந்த அவையில் ஒரு சிறு பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

1921-இல் அவர் எடுத்த 'த கேர்ள் ஃப்ரம் காட்ஸ் கன்ட்ரி' இன்றுவரை கிடைத்திலது. கிடைத்தவற்றில் கரடிகள் நடமாடுகின்றன. மான்கள் நிமிர்ந்து பார்க்கின்றன. பிரீஸ்ட் ஏரி மாநிலப் பூங்காவின் லயன்ஹெட் பகுதியில் கோடைதோறும் மக்கள் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். வளாகம் இருந்த நிலமுனைக்கு ஷிப்மனின் பெயர். பின்னால் மலை, முன்னால், அவர் ஒரு குளிர்காலத்தில் நடந்து கடக்கப் புறப்பட்ட ஏரி.