கதை சொல்லிப் பிழைக்க முடியுமா?

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் ஒரு பெண், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கதை சொல்லப் போகிறேன் என்கிறாள். "சார், நீங்க பேங்க்கில் இருந்தவர். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார். இருவரின் சம்மதத்தோடு இங்கேயே பதில் சொல்கிறேன்.

வேலைதான். நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிற வேலை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. குடத்தின் மேல் வில், வில்லில் மணிகள், வீசுகோல், உடுக்கை. அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். அந்த "ஆமா" சும்மா இல்லை. கேட்கிறவன் தூங்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அங்கே முத்துப்பட்டன் கதை சொல்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. சொரிமுத்தையன் கோயிலும் பொதிகை மலையும் கேட்பவர்களுக்குத் தெரிந்தவை. காட்டை வர்ணிக்க வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும். நம் கிளப் ஹவுஸில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் காடும் தெரியாது, கிணறும் தெரியாது. ஆகவே இங்கே கதை சொல்கிறவர் முதலில் ஊரைக் கட்ட வேண்டும். கிழக்கே குளம், குளக்கரையில் ஒற்றைப் பனை, பனைக்குப் பின்னால் பூதத்தின் வீடு. மூன்று அடையாளம் போதும். முப்பது சொன்னால் மனதில் நிற்காது. புத்தகமாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், காதால் கேட்கிறவனுக்கு அது முடியுமா? அதனால் ஆள் போகும்போதும் வரும்போதும் அந்தப் பனையைத் தாண்டியே போக வேண்டும்.

இன்னொன்று, கணக்கு டேலி ஆக வேண்டும். போன வாரம் மூன்று கண் இருந்த பூதத்துக்கு இந்த வாரம் இரண்டு கண் என்றால் முதல் வரிசைப் பொடியன் விடமாட்டான். எங்கள் கிளையில் வந்த ஆடிட்டர்களைவிட அவன் கெட்டிக்காரன். ஒரு நோட்டுப் போட்டு, யார் எங்கே இருக்கிறார்கள், பூதம் எதற்குப் பயப்படும், எதற்குப் பயப்படாது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கதைக்கு எங்கே போவது? கி. ராஜநாராயணனைப் பாருங்கள். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் விவசாயம் செய்தவர். பெரிய படிப்பு இல்லை. ஊர் ஊராகச் சொல்லப்பட்ட கதைகளைச் சேகரித்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. நம் நான்கு பிளாக்கிலும் எத்தனை பாட்டிமார் இருக்கிறார்கள்! லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி, அப்பாக்கள் கேட்கிற பண விஷயம். சுப்பு ஆறுமுகம் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைக்காரர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கலைவாணர் என்.எஸ்.கே.தான் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். வில்லுப்பாட்டோடு நிற்காமல் சினிமாவுக்கு நகைச்சுவைப் பகுதியும் எழுதினார். ஒரே ஓடையை நம்பவில்லை. இந்தப் பெண்ணும் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், ஆசிரியர்களுக்கான பயிற்சி, ஒலிப் புத்தகம் என்று நான்கு பக்கமும் கை வைக்க வேண்டும். வேலையை உடனே விட வேண்டாம் என்பது என் கருத்து. சனி, ஞாயிறில் தொடங்கட்டும். ஒரு வருஷ வீட்டுச் செலவு கையில் சேர்ந்த பிறகு ராஜினாமா எழுதட்டும்.

சேமிப்புக்கு மாதாமாதம் கட்டும் ஆர்.டி. இவர்களுக்குச் சரிவராது, தவணை தவறினால் அபராதம். பி.பி.எஃப். பரவாயில்லை. வருஷத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். நல்ல வரும்படி வந்த மாதத்தில் மொத்தமாகப் போடலாம், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். நிகழ்ச்சிக்குப் போகுமுன் தொகையைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்வது அதைவிட முக்கியம். "பார்த்துச் செய்கிறோம்" என்று சொல்பவர்கள் பார்ப்பதோடு சரி.

இதில் நமக்கும் பங்கு உண்டு. விழா என்றால் பந்தல்காரருக்கு, மைக் செட்காரருக்கு, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம். இரண்டு மணி நேரம் தொண்டை வறளக் கதை சொன்னவருக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். பொன்னாடையை எந்த பேங்க்கிலும் டெபாசிட் வாங்க மாட்டார்கள், கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

சித்திரை விழா பட்ஜெட் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. "கதை சொல்பவர் சன்மானம்" என்று தனித் தலைப்பு போடச் சொல்லி நான் கடிதம் கொடுத்திருக்கிறேன். தொகையை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். ஆதரிப்பவர்கள் கையெழுத்துப் போட, அந்தத் தாள் செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது.