பட்டா இல்லாதவர்கள் எந்தக் கணக்கில்?



ஓர் ஊருக்கு சிப்காட் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் என்ன நடக்கிறது? ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். நிலத்தைத் தரமாட்டோம் என்று சிலர் போராடுகிறார்கள். இரண்டுமே நியாயம்தான். ஆனால், அந்த வயலில் நாற்று நட்ட, களை பறித்த சேரிப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் பெயரில் பட்டா இல்லை. சாதி அவரை நிலத்தில் உழைக்க விட்டது. நிலத்தை வைத்திருக்க விடவில்லை. 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்திலும் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது.

பொது நோக்கம் என்று சொல்லி நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை வெள்ளைக்காரனின் 1894ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. கம்பெனிகளுக்காகவும் எடுக்கலாம் என்றது. பல போராட்டங்களுக்குப் பிறகு 2013இல் புதிய சட்டம் வந்தது. தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுக்க 80 சதவீதக் குடும்பங்களின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஒப்புதல் கேட்பது நில உடைமையாளரிடமும், அரசு நிலம் ஒதுக்கியவர்களிடமும் மட்டும்தான். கூலித் தொழிலாளிக்கு அங்கேயும் வாக்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒன்றுதான்: மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவரும் பாதிக்கப்பட்டவரே என்ற வரையறை. அவரை முதலில் கணக்கில் கொண்டுவருவது சமூகத் தாக்க ஆய்வு.

தமிழ்நாட்டில் அந்த வாசலையும் அடைத்தார்கள். தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2014இல் அ.தி.மு.க. ஆட்சி அதற்கு 2013 சட்டத்திலிருந்து விலக்கு வாங்கியது. ஒப்புதலும் இல்லை, சமூகத் தாக்க ஆய்வும் இல்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதை முன்தேதியிட்டு உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2023இல் செய்யாறு மேல்மாவில் சிப்காட்டை எதிர்த்த விவசாயிகள்மீது குண்டர் சட்டம் பாய்ந்தபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க. ஆட்சி மாறினாலும் அதிகாரம் மாறவில்லை.

அதே விலக்குப் பட்டியலில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம். வீடில்லாதவருக்கு மனை கொடுக்க நிலம் எடுப்பதும், நிறுவனத்துக்காக ஊரையே எடுப்பதும் ஒன்றா? பொது நோக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள்.

தொழிற்சாலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கிராமத்தைக் கொண்டாடியவர்களை அரசியல் நிர்ணய சபையிலேயே மறுத்தவர் அம்பேத்கர். பண்ணையார் வயலை விட்டு நம் மக்கள் வெளியேற வேண்டும்தான். ஆனால் வெறுங்கையோடு துரத்தப்படுவது விடுதலை ஆகாது.

எனவே நம் கோரிக்கை இதுதான்: சமூகத் தாக்க ஆய்வு இல்லாமல் நிலம் எடுக்கக் கூடாது. பஞ்சமி ஆவணங்களைச் சரிபார்க்காமல் இழப்பீடு கொடுக்கக் கூடாது. நிலமற்றவருக்கும் மறுவாழ்வு வேண்டும்.

உங்கள் ஊருக்கு அறிவிப்பு வந்தால் முதலில் சேரிக்குப் போங்கள். யார் யார் அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அரசு எடுக்காத கணக்கை நாம் எடுப்போம்.