புவியியலும் ஆங்கிலமும்: நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் சேர்த்துவிடுகிறீர்கள். நல்லது. ஆனால் புவியியல் புத்தகம் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிதான் திறக்கப்படுகிறது. ஆங்கிலக் கடிதத்துக்குக் கைடில் உள்ளதை மனப்பாடம் செய்கிறார்கள். மார்க் வந்தால் போதும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். பெரியவர்கள் நாம் தடுமாறுகிற விஷயங்கள் பல அந்த இரண்டு புத்தகங்களில்தான் இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் எழுந்து நின்றேன்.

சிபிஎஸ்இ ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் பாடமே பூமியில் ஓர் இடத்தைக் கண்டறிவது எப்படி என்பதுதான். வரைபடத்துக்கு மூன்று அங்கங்கள்: தூரம், திசை, குறியீடு. 1 செ.மீ.க்கு 500 மீட்டர் என்று அளவு போட்டிருந்தால், படத்தில் 6 செ.மீ. தள்ளியிருக்கும் ரயில் நிலையம் 3 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. இதைப் பதினோரு வயதில் கற்கிறார்கள். நான் வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்த ஆண்டுகளில், கட்டட வரைபடத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறியைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்திரத்தில் எழுதிய நான்கெல்லையை வரைபடத்தோடு ஒப்பிட்டவர்கள் இன்னும் குறைவு. வாஸ்து மட்டும் எல்லோரும் கேட்பார்கள்!

தீர்க்கக்கோடும் அங்கேதான் வருகிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் நாட்டு நேரம் 82½ பாகை கிழக்குக் கோட்டை வைத்தது. நாலால் பெருக்கினால் 330 நிமிடம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். லண்டனில் இருக்கும் மகனுக்கு எப்போது போன் செய்யலாம் என்று தாத்தா யோசித்தால், பேத்தி கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

இதைவிட முக்கியம் மழை. சென்னைக்குப் பெரும்பங்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பழுப்பு மலை, மஞ்சள் பீடபூமி, பச்சை சமவெளி என்று பிள்ளைகள் வண்ணம் தீட்டுவது மேடு பள்ளத்தை அறியத்தானே? நம் வளாகத்தில் எந்த மூலை மேடு, எது பள்ளம், அடித்தள பார்க்கிங்குக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

ஆங்கிலத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புக்குள் செயப்பாட்டு வினை வந்துவிடும். பிள்ளைகள் அதை வாக்கியத்தைத் திருப்பிப் போடும் விளையாட்டாகப் படிக்கிறார்கள். 'லிஃப்ட் பழுதுபார்க்கப்படவில்லை' என்றால், பழுதுபார்க்காதவர் யார்? ஆளைக் காட்டாமல் சொல்லும் வசதி அது. நம் சுற்றறிக்கைகளிலும் 'இட் ஹாஸ் பீன் டிசைடட்' என்றுதான் வருகிறது. செயலாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அலுவலகக் கடிதமும் அப்படித்தான். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். கவுன்டரில் நான் வாங்கிய புகார்க் கடிதங்கள் சில இரண்டு பக்கம் ஓடும், எழுதியவர் பட்டதாரி, ஆனால் கணக்கு எண் இருக்காது, என்ன வேண்டும் என்பதும் இருக்காது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? மறுபடி எழுதி வாங்குவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் மாலை 5 மணிக்குக் கம்யூனிட்டி ஹாலில் இருப்பேன். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. அளவு நாடாவும் கோடு போடாத தாளும் கொண்டுவரட்டும். முதலில் நம் வளாகத்தின் வரைபடம்: வடக்கு எது, வடிகால் எங்கே, தீயணைப்பு வண்டி எந்த வாசல் வழியாக நுழையும் என்று. அது முடிந்ததும், ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வடிகாலைத் தூர்வாரச் சொல்லி நம் செயலாளருக்கே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவார்கள். பதிலும் ஆங்கிலத்தில் வரவேண்டும், 'டிசைடட்' என்று எழுதினால் யார் என்று பெயரோடு.