கைக்கடிகாரமும் வீதியின் அளவும்



ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் ஒரு மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. 2023 ஆம் ஆண்டில் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2 மணித்தியாலம் 35 செக்கனில் ஓடி முடித்து, அன்று ஓர் உலக சாதனையை நிலைநாட்டியது இங்கேதான். அத்தகைய வீரர்களுக்குப் பின்னே சாதாரண மக்களும் பல்லாயிரவர் ஓடுகின்றனர். அவர்களுட் பெரும்பாலாரின் மணிக்கட்டிலே, நேரத்தை மட்டுமன்றி ஓடிய தூரத்தையும் வேகத்தையும் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு.

ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களிற் பலருக்குத் திகைப்பு உண்டாகின்றது. உலக வீரரும் எட்டமுடியாத ஒரு வேகத்தைக் கடிகாரம் காட்டுகின்றது. வீதியோரத்து மைற் பலகை கண்ணுக்குத் தெரியுமுன்னே மைல் முடிந்துவிட்டதென அறிவிக்கின்றது. கடிகாரம் பழுதாகிவிட்டதா? இல்லை. அது தன் தொழிலைச் செய்துகொண்டுதான் இருக்கின்றது. அத்தொழிலின் தன்மையை அறிந்தால் திகைப்பு நீங்கும்.

இக்கடிகாரம் வீதியை அளப்பதில்லை. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் செய்மதிகளின் வானொலிச் சமிக்ஞைகளை அது கேட்கின்றது. சமிக்ஞை புறப்பட்ட நேரத்தையும் வந்துசேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டுச் செய்மதியின் தூரத்தைக் கணக்கிடுகின்றது. சமிக்ஞை ஒளியின் வேகத்திற் செல்வதால், ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். செய்மதியில் இருப்பது அணு மணிக்கூடு. ஓடுபவரின் கையில் இருப்பதோ எளிய கடிகாரம். அதன் நேரப் பிழையையும் கண்டு திருத்தவேண்டி இருப்பதனால், இடத்தைத் துணிவதற்குக் குறைந்தது நான்கு செய்மதிகள் தேவைப்படுகின்றன.

பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை அமெரிக்க அரசாங்கம் முன்னர் வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அதன் பின்னரே ஓடுவோருக்கான கடிகாரங்கள் பெருகின. இன்று திறந்த வெளியிலே, தெளிந்த வானத்தின் கீழ், பிழை ஏறக்குறைய ஐந்து மீற்றருக்குள் அடங்குவது வழக்கம்.

கடலிற் செல்லும் கப்பலுக்கு ஐந்து மீற்றர் ஒரு பொருட்டன்று. ஓடுபவருக்கோ அப்படியன்று. கடிகாரம் செக்கனுக்குச் செக்கன் ஒரு புள்ளியைக் குறித்து, புள்ளிகளை இணைத்துத் தூரத்தைக் கூட்டுகின்றது. புள்ளிகள் இப்புறமும் அப்புறமும் சிறிது விலகினால் நேர்கோடு வளைந்து நெளிகின்றது. நெளிந்த கோடு நேர்கோட்டிலும் நீளமானது அன்றோ? மாறாக, கூரிய திருப்பங்களிலே மூலையை வெட்டிச் சென்று தூரத்தைக் குறைப்பதும் உண்டு.

சிக்காகோவில் வேறும் இரு தடைகள் உள. தொடக்கத்திலேயே பாதை மூடிய வீதிப்பகுதி ஒன்றினூடாகச் செல்கின்றது. அங்கே வானமே தெரிவதில்லை. அப்பால் வானளாவிய மாடங்கள் இருமருங்கும் நிற்கின்றன. மலையடிவாரத்தில் நின்று கூவுபவனுக்கு எதிரொலி சற்றுப் பிந்தி வருவதுபோல, சுவரில் மோதித் திரும்பிய சமிக்ஞையும் பிந்தியே வருகின்றது. கடிகாரம் அதனை நம்பி, செய்மதி இன்னும் தொலைவில் உள்ளதென எண்ணி, ஓடுபவரை அடுத்த தெருவிலே கொண்டுபோய் நிறுத்துகின்றது. அண்மைக் காலக் கடிகாரங்கள் சில, இரண்டு அலைவரிசைகளைக் கேட்டு எதிரொலியை ஓரளவு பிரித்தறிகின்றன. இதனால் பிழை குறைகின்றது, அற்றுப்போவதில்லை.

இனி, மரதன் வீதி எவ்வாறு அளக்கப்படுகின்றது? துவிச்சக்கர வண்டியினால்! 1971 இல் அமெரிக்கரான அலன் ஜோன்ஸ் ஆக்கிய சிறு கருவியின் வழிவந்த எண்ணி ஒன்று முன் சில்லிற் பொருத்தப்படுகின்றது. உருக்கு நாடாவால் அளந்த தூரத்தில் வண்டியை ஓட்டி, எண்ணியின் கணக்கைச் சரிபார்த்துக்கொள்கின்றனர். பின்னர், திருப்பங்களின் உட்கரையிலிருந்து 30 சென்ரிமீற்றர் விலகி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியையே அளக்கின்றனர். பாதை ஒருபோதும் குறைந்துவிடலாகாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது 42 மீற்றர், மேலதிகமாகச் சேர்க்கின்றனர். திருப்பங்களில் அகன்று ஓடுபவரும், பிறரைச் சுற்றி முந்துபவரும் 42.195 கிலோமீற்றருக்கு மேலாகவே ஓடுகின்றனர். ஆகவே, கடிகாரம் கூட்டிக் காட்டுவதில் ஒரு பங்கு அதன் பிழை. மற்றொரு பங்கு ஓடியவர் மெய்யாகவே ஓடிய தூரம்.

இதனால் வரும் நட்டம் சிறிதன்று. 2026 ஆம் ஆண்டுப் போஸ்டன் மரதனுக்கு, 35 முதல் 39 வயது வரையான ஆண்களுக்கு விதிக்கப்பட்ட தகுதி நேரம் 3 மணித்தியாலம். அதற்குக் கிலோமீற்றர் ஒன்றை 4 நிமிடம் 16 செக்கனில் ஓடவேண்டும். கடிகாரம் காட்டிய அதே வேகத்தை ஒருவர் இறுதிவரை காத்து ஓடுகின்றார் என்று கொள்வோம். அது நூற்றுக்கு ஒன்று கூட்டிக் காட்டியிருப்பின், 42.195 என்ற எண் தோன்றும்போது முடிவுக்கோடு இன்னும் நானூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும். அவர் முடிக்கும் நேரம் 3 மணித்தியாலம் 1 நிமிடம் 48 செக்கன் ஆகும். பல மாதப் பயிற்சி 108 செக்கனிலே வீணாகின்றது.

இதற்குப் பரிகாரம் எளிது. ஓட்டம் தொடங்குமுன் திறந்த வெளியில் நின்று, கடிகாரம் செய்மதிகளைக் கண்டறியும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். தானாகவே தூரத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, வீதியோரத்துப் பலகை ஒவ்வொன்றையும் கடக்கும்போது பொத்தானைக் கையால் அழுத்துதல் வேண்டும். அப்பொழுது தூரத்தை வீதி சொல்லும். நேரத்தைக் கடிகாரம் சொல்லும். நேரத்தைச் சொல்வதிலே அக்கடிகாரம் பிழைப்பதில்லை.