மொரப்பூர்ச் சிறு ரயில்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ரயில் விடப்பட்டது லாபம் கருதியன்று. மழை பொய்த்த காலத்தில் தானியம் வந்து சேர வேண்டுமென்றே அப்பாதை போடப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலந்தான். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. உலக யுத்தத்தின்போது, 1941-இல், பாதை மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905 முதல் ஓடிய சிறு ரயிலும் நிலைக்கவில்லை. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிற்காலத்தில் வேறு ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரியோ மாவட்டத் தலைநகராகியும் ரயிலின்றியே இருக்கிறது.

மொரப்பூர்ப் பாதையை மீண்டும் அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய தடத்தில் வீடுகள் எழுந்துவிட்டமையால் நிலம் எடுப்பது பெரும்பாடாயிற்று. அவற்றைக் கட்டியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தடத்தை எவரும் காத்து வைக்கவில்லையே! ஆகவே, எஞ்சிய மேடு எங்கெங்கே உள்ளதென்று முதியோரைக் கேட்டு, கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, அடுத்த கிராம சபையில் பதிவு செய்வோம்.