செடியைக் காட்டியவன் பெயர் எங்கே?



நம்ம பள்ளிப்பட்டுச் செடிச் சங்கத்தைப் பார்த்து, காட்டுச் செடிக்கெல்லாம் ஒரு சங்கமா என்று கடைவீதியில் ஒருவர் கேட்டாராம். அவருக்குச் சொல்கிறேன். 1768-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் கோனிக் என்ற மருத்துவர். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸின் மாணவர். அவரும் மிஷன் பாதிரிமார்களும் சேர்ந்து செடி ஆராய்ச்சிக்கென்றே ஒரு கூட்டு அமைத்தார்கள். ஐக்கிய சகோதரர்கள் என்று பெயர். அதில் இருந்த ரோட்லர், பின்னாளில் வேப்பேரியில் தமிழ் அகராதி தொகுத்தவர். அவர் காயவைத்த செடிகள் இன்றைக்கும் லண்டன் கியூ தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்க் கடற்கரையில் செடிக்குச் சங்கம் இருந்ததய்யா!

கை தட்டுகிறீர்கள், சந்தோஷம். எனக்கோ நெஞ்சு ஆறவில்லை. கோனிக் பெயர் இருக்கிறது. ரோட்லர் பெயர் இருக்கிறது. முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்து, “இது விஷக்கடிக்கு, இது பிள்ளை மாந்தத்துக்கு” என்று காட்டிக் கொடுத்தானே நம்ம ஆள், அவன் பெயர் எங்கே? பின்னால் செடி ஆராய்ச்சியாளர் ராபர்ட் வைட் வந்தார். அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்களைப் புத்தகத்தில் போட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். மனசிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் முன்னால் நடந்து வழிகாட்டியவன்? அவனை விடமாட்டேன், திரும்ப வருகிறேன்.

நம்ம ஊர்க் கதைக்கு வாருங்கள். 1960 ஏப்ரல் 1. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தால், எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்புப்படி, திருத்தணியும் நம்ம பள்ளிப்பட்டும் சித்தூர் ஜில்லாவை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. (கைதட்டல்) தட்டுங்கள், தட்ட வேண்டியதுதான்! மண்ணை வாங்கினோம். அந்த மண்ணில் முளைத்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்தோமா?

இன்னும் சில பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், நீங்கள் சிரிப்பதிலேயே தெரிகிறது. பொக்லைன் வைத்துக் களாப்புதரையும் சூரைமுள்ளையும் வழித்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் மரக்கன்று நட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த கோடையில் கன்றும் இல்லை, களாவும் இல்லை! அந்தக் களா நட்டு வந்ததா? தண்ணீர் ஊற்றி வந்ததா? அது தானாக நின்ற காடு. அதை அழித்தவர்களுக்கு மாலை போடுகிற கூட்டம் இது இல்லை.

இருக்கிற செடிகளையாவது காயவைத்துப் பதிந்து வைப்போம். வேலை ஒன்றும் பெரிதில்லை. பூவும் காயுமாக ஒரு கிளை. பழைய தினத்தந்திக்குள் இலை மடங்காமல் விரித்து, மேலே கனம் ஏற்றி, தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், வாசனையும் போய்விடும். அதனால் பறித்த இடத்திலேயே ஒரு குறிப்புத் தாளில் எழுதிவிட வேண்டும்: நிறம், வாசனை, மண், தேதி. ஆவாரை என்றும் எழுது, தெலுங்கு பேசும் நம்ம வீட்டுப் பெண்கள் சொல்லும் தங்கேடு என்றும் எழுது. வெள்ளைக்காரனுக்குத்தான் இது வருமா? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தைத் தொடங்கிச் செய்து காட்டவில்லையா?

அந்தக் குறிப்புத் தாளில் இன்னொரு வரி நான் கேட்கிறேன். காட்டிக் கொடுத்தவர் பெயர். இருளர் பெரியவரானாலும் சரி, ஆடு மேய்க்கும் அம்மாவானாலும் சரி, அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், முழுப்பெயரோடு எழுதுங்கள். அந்த வரி இல்லாத தாளை இந்தச் சங்கம் வாங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு கட்டு பழைய பேப்பர் கொண்டுவாருங்கள். வீட்டுப் பாட்டியையும் கையோடு கூட்டி வாருங்கள்.