பார்சல் டப்பாவில் மெழுகுவர்த்தி: அச்சு வேறு, விளக்கு வேறு

(சென்ற மாதம் நம் கிளப் ஹவுஸில் குடியிருப்போர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் இறுதியில்.)

ஞாயிற்றுக்கிழமை மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஹோட்டலிலிருந்து பிரியாணி வந்த கறுப்பு டப்பா, சாம்பார் வந்த வட்ட டப்பா, சட்னி வந்த குட்டிக் கப், கேட்டரிங்காரர் விட்டுப்போன அலுமினியத் தாள் தட்டு எல்லாம் அங்கே இருக்கும். தூக்கிப் போட மனசு வராது, உபயோகிக்கவும் வழியிருக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை இருக்கிறது. இருந்தாலும் இந்தக் கெட்டி டப்பாக்கள் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இவற்றில் சிலவற்றை மெழுகுவர்த்தி வார்க்கும் அச்சாகப் பயன்படுத்தலாம். எது சரிவரும், எது சரிவராது, ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு வரியை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அச்சு வேறு, விளக்கு வேறு. டப்பா மெழுகுக்கு உருவம் கொடுப்பதற்கு மட்டும்தான். அதற்குள்ளேயே வைத்து ஏற்றுவதற்கு இல்லை. நாம் தனி வீட்டில் இல்லை. ஒரு வீட்டுத் தீ மேல்மாடிக்கும் போகும், ஒரு வீட்டு மெழுகு கீழ்மாடிக் குழாய்க்கும் போகும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கும். அதுதான் முதல் சோதனை.

எண் 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். பெரும்பாலான சூடான பார்சல் டப்பாக்கள் இந்த ரகம். இது உருக 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நமக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண பாரஃபின் மெழுகு 58 முதல் 60 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் 70 டிகிரிச் சூட்டில் மெழுகை ஊற்றினாலும் இந்த டப்பா தாங்கும்.

எண் 1 என்றால் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் ரகம். சுமார் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகிக் கோணிக்கொள்ளும். வேண்டாம். எண் 6 பாலிஸ்டைரீன். மெல்லிய கப்புகள் சில இந்த ரகத்தில் வரும். சூடான மெழுகுக்கு அதையும் நம்ப முடியாது. தெர்மாகோல் கிண்ணத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எண் எதுவுமே இல்லையா? அந்த டப்பாவையும் விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் தவிர, பழைய எவர்சில்வர் டம்ளர், அலுமினியக் குல்பி அச்சு, பாலும் பழச்சாறும் வரும் அட்டைப் பெட்டி எல்லாம் உதவும். கண்ணாடியை அச்சாக வைத்துக்கொள்ளாதீர்கள். வாய் குறுகிய பாட்டிலிலிருந்து மெழுகு வெளியே வராது. திடீர்ச் சூட்டில் விரியவும் செய்யும்.

வாய் அகலம், அடி குறுகல்

இரண்டாவது சோதனை வடிவம். அடியிலிருந்து வாய் வரை கொஞ்சமாவது விரிந்துகொண்டே போக வேண்டும். அப்போதுதான் இறுகிய மெழுகைக் கவிழ்த்தால் வெளியே வரும். நடுவில் பள்ளமோ, வாயில் உள்பக்கம் மடிந்த விளிம்போ இருந்தால் மாட்டிக்கொள்ளும். மாவை ஊற்றிக் கேக்கைத் தட்டி எடுக்கும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கில் குல்பி அச்சுக்கு முதல் மார்க். கூம்பாக இருக்கிறது, அலுமினியம் சீக்கிரம் ஆறும், மெழுகு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கூம்பின் நுனிதான் வர்த்தியின் தலைப்பக்கம். ஊற்றும் வாய்ப்பக்கம் வர்த்தியின் அடி.

சட்னிக் கப்பில் குட்டி வர்த்திகள் வார்க்கலாம். கொலு, கார்த்திகை, கிறிஸ்துமஸ் நாட்களில் வரிசையாக அடுக்க நன்றாக இருக்கும். இட்லித் தட்டில் மிதக்கும் வர்த்தி வார்க்கலாம். ஆனால் அடியில் ஓட்டை இல்லாத தட்டாக இருக்க வேண்டும். மெழுகு தண்ணீரைவிட லேசானது. அடி உருண்டையாக இருப்பதால் உருளியில் ஆடாமல் மிதக்கும்.

அட்டைப் பெட்டியில் வார்த்தால் சதுர வர்த்தி கிடைக்கும். ஆறிய பிறகு பெட்டியைக் கிழித்து எடுத்துவிடலாம். ஊற்றும்போது பக்கங்கள் உப்பும் என்பதால் வெளியே இரண்டு மூன்று ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள்.

அகலமான பிரியாணி டப்பாவில் ஒற்றைத் திரி போட்டால் என்ன ஆகும்? சுடரின் சூடு விளிம்பு வரை எட்டாது. நடுவில் மட்டும் குழி விழுந்து, திரி உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துவிடும். அதை வர்த்திக்கு வைக்காதீர்கள். மீதி மெழுகை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, பலகையாக ஆறவைத்து, துண்டு போட்டு எடுத்து வைக்க அது நல்ல தட்டு.

இன்னொன்று. ஒருமுறை மெழுகு ஊற்றிய பாத்திரம் மறுபடி சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. குல்பி அச்சானாலும் இட்லித் தட்டானாலும் அன்றோடு சமையலறையிலிருந்து ஓய்வு. மேலே மார்க்கர் பேனாவால் ‘மெழுகு’ என்று எழுதிவிடுங்கள்.

எவ்வளவு மெழுகு வேண்டும்?

அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்து பாருங்கள். 100 மில்லி பிடித்தால் சுமார் 90 கிராம் மெழுகு வேண்டும். அளந்த பிறகு அச்சை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வர்த்தியில் குழி விழும், ஊற்றும்போது மெழுகு தெறிக்கும்.

மெழுகு வாங்கப் பாரிமுனைப் பக்கம் போனால் கட்டிகளாகக் கிடைக்கும். பாரஃபின் என்பது பெட்ரோலியத்திலிருந்து வருவது. நம்ம ஊர் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது எடுக்கப்படுகிறது. புதிது வாங்கும் முன், வீட்டில் கிடக்கும் பழைய வர்த்தித் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். உருக்கிப் பருத்தித் துணியில் வடிகட்டினால் கருகிய திரியும் தீக்குச்சித் துண்டும் தங்கிவிடும். நல்ல மெழுகு கிடைக்கும்.

உருக்குவதும் ஊற்றுவதும்

மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் சிறிய பாத்திரத்தில் மெழுகை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது. நேரடி நெருப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் மெழுகு சூடேறிக்கொண்டே போகும். 200 டிகிரிப் பக்கம் அதன் ஆவி தீப்பிடிக்கும். வெளித் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருக்கி முடிக்கும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது.

முழுவதும் உருகியதும் அடுப்பை அணையுங்கள். உருகிய மெழுகில் திரியை ஒருமுறை முக்கி எடுத்து, நேராக இழுத்து ஆறவிட்டால் விறைப்பாகிவிடும். குல்பி அச்சானால் நுனியில் சிறு துளை போட்டுத் திரியைக் கோத்து, துளையைச் சுற்றிக் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணால் அடைக்கவும். சட்னிக் கப்புக்குத் துளை வேண்டாம். திரியின் அடியில் ஒரு இரும்பு வாஷரைக் கட்டி இறக்கி, மேல் முனையைக் கப்பின் குறுக்கே வைத்த ஊதுபத்திக் குச்சியில் கட்டிவிட்டால் போதும்.

அச்சின் உள்ளே தேங்காய் எண்ணெயை மிக லேசாகத் தடவுங்கள். மெழுகின் ஓரத்தில் மெல்லிய ஏடு படியத் தொடங்கும் நேரம்தான் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றச் சரியான நேரம்.

ஆறும்போது மெழுகு சுருங்கும். திரியைச் சுற்றி மேலே ஒரு குழி விழும். பலர் இதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். இது மெழுகின் இயல்பு. கொஞ்சம் மெழுகை மீதி வைத்திருந்து, மேல் ஏடு இறுகியதும் குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, குழியை நிரப்பிவிடுங்கள். அதே சுருக்கம்தான் மெழுகை அச்சின் சுவரிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது. வரவில்லை என்றால் ஒரு கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். சூடாக இருக்கும்போதே ஃபிரீசரில் வைத்தால் வெடிப்பு விடும்.

மூன்று விஷயங்கள், நம் கட்டடத்துக்காக

ஒன்று, சிங்க். மெழுகுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவி சிங்கில் விடாதீர்கள். மேலே உருகிய நிலையில் போவது, குழாயின் வளைவில் ஆறிக் கட்டியாகும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். ஐந்தாம் மாடியில் ஊற்றியதற்குத் தரைத்தளத்து வீட்டின் சமையலறையில் அழுக்குத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும். சூடாக இருக்கும்போதே பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கழுவ வேண்டுமென்றால் வாளியில் கழுவி, ஆறியதும் மிதக்கும் மெழுகை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

இரண்டு, தீ. பாத்திரத்தில் மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் எப்படிச் சீறுமோ அப்படித்தான் சீறும். கேஸை அணைத்து, மூடியால் மூடுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதனால்தான் பொருத்தமான மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறேன். கையில் சூடான மெழுகு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பிடுங்கி எடுக்காதீர்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள்.

மூன்று, ஏற்றும் இடம். வர்த்தியை அச்சிலிருந்து எடுத்து, பீங்கான் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ நிறுத்தி ஏற்றுங்கள். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டால் புகை குறையும். திரைச்சீலைக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் மேல், செருப்பு அலமாரி மேல் வைக்க வேண்டாம். லிஃப்ட் முன்னாலும் படிக்கட்டிலும் கண்டிப்பாக வேண்டாம். கேஸ் வாசனை வந்தால் எந்தச் சுடரும் கூடாது.

2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு முறையும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி இரவுகளில் மெழுகுவர்த்தி கைகொடுக்கும். ஆனால் அதை இரண்டாவது விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் விளக்கு டார்ச்சாகவோ சார்ஜ் விளக்காகவோ இருக்கட்டும். தூங்கப் போகும் அறையிலும், குழந்தையோ நடமாட முடியாத பெரியவரோ தனியாக இருக்கும் அறையிலும் வர்த்தி எரியக் கூடாது. நாம் வார்த்த வர்த்தி எத்தனை மணி நேரம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு மணி நேரம் எரியவிட்டு, மறுபடி நிறுத்துப் பாருங்கள். கணக்கு வந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல டப்பா பலமுறை அச்சாக உழைக்கும். வீட்டுக்கு நாலு போதும், நாற்பது வேண்டாம். அச்சுக்காக டப்பா சேர்க்கத் தொடங்கினால் சிங்குக்குக் கீழே இடமே இருக்காது. மீதியைக் கழுவி உலர் குப்பையில் போடுங்கள், அல்லது அடுத்த முறை ஹோட்டலுக்கு நம் பாத்திரத்தையே எடுத்துப் போங்கள்.

சங்கத்துக்கு என் யோசனை இது. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தனித்தனியாக உருக்குவதைவிட, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், கீழே திறந்தவெளியில், தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து வார்க்கலாம். செக்யூரிட்டி அறை வாசலில் பழைய வர்த்தித் துண்டுகளுக்கு ஒரு பெட்டி வைத்தால் மெழுகுச் செலவும் குறையும். செயற்குழு பரிசீலிக்க வேண்டும்.

கேள்வி பதில்

*குழந்தைகளின் கிரேயான் துண்டுகளைப் போட்டு நிறம் சேர்க்கலாமா?*
நிறம் வரும், ஆனால் அதிலுள்ள வண்ணத்தூள் திரியை அடைத்துக்கொள்ளும், சுடர் மங்கும். கேசரிப் பவுடர் தண்ணீரில் கரைவது, மெழுகில் சேராது. மெழுகுக்கென்று விற்கும் வண்ணத்தைக் கொஞ்சமாகச் சேருங்கள்.

*சோயா மெழுகில் செய்யலாமா?*
செய்யலாம். ஆனால் பெரும்பாலும் அது மென்மையானது, அச்சிலிருந்து பாரஃபின் அளவுக்குச் சுத்தமாக வெளிவராது. கனமான, சூடு தாங்கும் கிண்ணத்தில் ஊற்றி அப்படியே ஏற்றும் வகைக்குத்தான் அது ஏற்றது.

*பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?*
தாராளமாக. டப்பா எண் பார்ப்பது, தண்ணீர் அளப்பது, திரி கட்டுவது, ஆறிய வர்த்தியைத் தட்டி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அடுப்பும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை.